பொட்டு வைத்த பிளேடுகள்

நடேசனுக்கு எதையும் உள்ளங்கையில் வைத்துக் குலுக்கி எடை சொல்கிற பழக்கம். காய்கறிக் கடைத் தராசையே நம்பாத மனிதர். வியாழக்கிழமை காலை ஹைதராபாத் தார்நாகா வீட்டில் பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், மூலையில் கிடந்த ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து இரண்டு தரம் குலுக்கினார்.

"லேகா, இது குங்குமமா ஈயக் குண்டா? இத்தனூண்டு இருந்துக்கிட்டு இந்தக் கனம் கனக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் மனைவி ஸ்ரீலேகா சமையலறையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடித்து, கருகி, புகைய ஆரம்பித்த பிறகும் அவள் கரண்டியை அடுப்பிலிருந்து எடுக்கவில்லை. வேறு வீடாக இருந்தால் இந்தப் பேச்சு ரசத்தோடு போயிருக்கும். இங்கே அது உலோகவியல் படித்த ஒருத்தியின் காதில் விழுந்துவிட்டது. ஜீடிமெட்லாவில் உலோகப் பாகங்களை உலையில் சூடாக்கிப் பதம் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் பரிசோதனைக் கூடத்துக்கு அவள்தான் தலைவி. அவளிடம் ஈயம் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது.

"அதைக் கீழ வைங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்றாள்.

"ஏன், என்ன ஆச்சு?"

"கழுவுங்களேன்."

அவர் கழுவப் போனார். ஸ்ரீலேகா பொட்டலத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, கைப்பையில் வைத்தாள். பக்கத்துக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு. தனக்கு ஸ்டிக்கர், இரும்புக்கு அசல் என்று அவளுடைய பக்தி அப்படிப் பாகம் பிரித்து வைத்திருந்தது.

ஆயுத பூஜை அன்று நடந்தது இதுதான். ஒவ்வொரு வருடமும் ஷெட்டில் இருக்கிற மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது அவள் வேலை. முதலாளி சௌந்தரராஜன் அப்படி வழக்கப்படுத்திவிட்டார். ஊரிலிருந்து வரும் தாழம்பூக் குங்குமம் இந்த வருடம் தீர்ந்துபோயிருந்தது. முந்தின நாள் மௌலா அலி பக்கம் போனபோது ஸ்டேஷன் ரோட்டுப் பூஜைக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினாள். நல்ல ஆரஞ்சுச் சிவப்பு. எந்த மெஷின் மேலும் அழியாமல் நிற்கும் என்று கடைக்காரன் இந்தியில் சத்தியம் செய்தான். அதற்குப் பெயர் செந்தூரம். பழைய முறையில் செய்தால் அது ஈயச் செந்தூரம், ஈயத்தைக் காற்றில் வறுத்து எடுக்கிற பொடி. இதைக் கல்லூரியில் இரண்டாம் வருடத்திலேயே படித்துவிட்டாள். படித்தது ஒரு பக்கம், கடையில் நின்றது ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

பொட்டை உலைக் கதவுக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் மட்டும் வைத்திருந்தால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. உலைக்கு முன்னால் ஒரு தட்டில் ஒரு செட் பிளேடுகள் அடுக்கித் தயாராக இருந்தன. நிக்கல் கலவையில் அடித்துச் செய்தவை, ஒரு சின்ன ஜெட் இன்ஜினின் சக்கரத்தில் மாட்ட வேண்டியவை. மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் உலையைப் போட வேண்டும் என்று சௌந்தரராஜன் சொல்லியிருந்ததால், முன்கூட்டியே துடைத்து அடுக்கியிருந்தார்கள். புது இன்ஜினின் முதல் பிளேடுகள். ஸ்ரீலேகாவுக்கு அவற்றின் மேல் ஒரு பிள்ளைப் பாசம். ஒன்றுக்கு வைத்து ஒன்றை விட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்பது போல, மோதிர விரலால் ஒவ்வொன்றின் அடிக்கட்டையிலும் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். அடிக்கட்டை என்பது பிளேடு சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் இடம். சக்கரம் சுழலும்போது முழு இழுப்பையும் அதுதான் தாங்க வேண்டும்.

அந்தப் பிளேடுகள் உலைக்குள் போய், வெந்து, ஆறி, மணல் வீசிப் பளபளவென்று சுத்தமாகி, இன்று மூன்று மணி வண்டிக்காகப் பெட்டியில் காத்திருக்கின்றன. திங்கட்கிழமை அவற்றை மாட்டி இன்ஜினை முதல் தடவையாக ஓட்டப் போகிறார்கள்.

கார் செகந்திராபாத்தைத் தாண்டுவதற்குள் அவள் அந்த உலையை மனதுக்குள் பத்துத் தடவை மூடித் திறந்துவிட்டாள். உலோகம் பார்வைக்குத்தான் ஒரே கட்டி. உள்ளே அது சின்னச் சின்னப் படிகங்களின் கூட்டம், வயலும் வயலும் ஒட்டிக் கிடக்கிற மாதிரி. வயலுக்கு வயல் நடுவே வரப்பு உண்டு. படிகத்துக்குள்ளே அணுக்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கின்றன. எங்காவது ஓர் இடம் காலியாக இருந்தால்தான் பக்கத்து அணு அங்கே நகர முடியும். வரப்பில் அந்த ஒழுங்கு கிடையாது, இடைவெளிகள் அதிகம், அன்னியர்கள் ஓடுவதற்குத் தோதான வழி. ஈயத்துக்கு நிக்கல் படிகத்துக்குள் இடம் இல்லை. வரப்பு போதும் அதற்கு. ஆயிரம் டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக விட்டால் அது வரப்பு வரப்பாக நடந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே ஒரு தழும்பும் தெரியாது. பிளேடு மறுபடி சூடாகி, இழுபட்டு, வேலை செய்யும்போது வயல்கள் வரப்போடு பிரியும்.

பாலாநகர் சிக்னலில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு கருவி உண்டு. ஓர் உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று திரையில் காட்டும். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருப்பதால் எல்லோரும் 'கன்' என்பார்கள். பையைக்கூட மேஜையில் வைக்காமல் ஸ்ரீலேகா அதை எடுத்துப் பொட்டலத்தின் மேல் வைத்து அழுத்தினாள். திரையில் முதல் வரியே ஈயம். இரண்டாவது வரியைப் படிக்க வேண்டியதில்லை. ஆனாலும் படித்தாள். பிறகு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் ஈயம்.

பெட்டியைத் திறந்து ஒரு பிளேடின் மேல் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை, வெறும் நிக்கல், குரோமியம் என்று பட்டியல் சாதுவாக ஓடியது. அதில் அவளுக்கு ஆறுதல் இல்லை. கன் மேல்தோலைத்தான் பார்க்கும். மேல்தோலை மணல் வீசி உரித்தாகிவிட்டது. வரப்புக்குள் ஒளிந்திருக்கிற துளி ஈயத்தைப் பிடிக்க அதற்குக் கண் போதாது.

உலைப் பொறுப்பு முகமது யூசுப்புடையது. வாணியம்பாடிக்காரர், ஹைதராபாத்துக்கு வந்து தலை நரைத்தவர். ஷெட்டில் தமிழ் பேசுகிற மூன்று பேரில் ஒருவர். ஸ்ரீலேகா போனபோது அவர் உலைப் பக்கத்தில் அடுத்த சரக்கைக் கையுறை போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யூசுப் பாய், பிளேடை உலையில ஏத்தறதுக்கு முன்னால தொடைச்சீங்களா?"

"பூஜைக்கு மொத நாளே அசிட்டோன் போட்டு தொடைச்சு அடுக்கிட்டேனே மேடம். நீங்கதான் பாத்து ஓகே சொன்னீங்க."

"அதுக்கப்புறம்? ஏத்தும்போது?"

யூசுப் கையிலிருந்த துணியை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"அப்ப பொட்டு இருந்துச்சு மேடம்."

"தொடைக்கலையா?"

"நான் எப்டி மேடம் தொடைப்பேன்?"

குரலில் கோபம் இல்லை. அவள் கேட்டதே அவருக்குப் புரியாத மாதிரி இருந்தது.

"கைரேகை இருந்தா தொடைப்பேன். தூசி இருந்தா தொடைப்பேன். அது சாமிக்குன்னு நீங்க வெச்சது. நான் துணியை எடுத்துத் தொடைச்சு, அதை எவனாச்சும் போன்ல புடிச்சு எங்கியாவது போட்டான்னா? நக்கோ மேடம், வேணவே வேணாம். எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்தச் சூட்டுல பொட்டு எங்க நிக்கும், எரிஞ்சு போயிரும்னு நெனச்சேன்" என்றார்.

போன வருடம் ஒரு பாகத்தில் கைரேகை பட்டிருந்ததற்கு இதே மனிதரை இதே இடத்தில் நிற்க வைத்து அவள் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். வெறும் விரலால் தொட்டால் வியர்வை உப்பு உள்ளே போகும் என்று பாடம் நடத்தியிருந்தாள். அந்த வாத்தியாரம்மாதான் கையுறைகூடப் போடாமல் விரலால் ஈயத்தை ஒற்றிவிட்டுப் போயிருக்கிறாள். அவருக்கு எதைத் துடைக்க உரிமை இருக்கிறது, எதைத் தொடக்கூட இல்லை என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏதாச்சும் தப்பாயிருச்சா மேடம்?"

"பாக்கறேன் பாய்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நடை ஓட்டமாகிவிட்டது.

சௌந்தரராஜன் கும்பகோணத்துக்காரர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். முப்பத்தைந்து வருட ஹைதராபாத் வாசத்தில் 'ஆமாம்' என்பது அவர் வாயில் 'ஹவ்' ஆகிவிட்டது. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் கெட்ட செய்தி சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவர் முழுக்கக் கேட்டார். பொட்டலத்தைத் தொடாமல் பார்த்தார். பிறகு மேஜை மேலிருந்த காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"சாட்சித் துண்டு ரிப்போர்ட் காலைலயே வந்துடுத்தும்மா. பாரு. சுத்தம்."

சாட்சித் துண்டு என்பது ஒவ்வொரு தடவையும் பிளேடுகளோடு சேர்த்து உலையில் வைக்கும் அதே உலோகத்தின் ஒரு துண்டு. பிளேடுகள் பட்ட சூட்டையெல்லாம் அதுவும் படும். பிறகு பிளேடுகளை விட்டுவிட்டு அதை வெட்டி, இழுத்து, உடைத்துப் பார்ப்பார்கள். அது நன்றாக இருந்தால் பிளேடுகளும் நன்றாக இருப்பதாக அர்த்தம். உலகம் பூராவும் அப்படித்தான்.

"அதுக்கு நான் பொட்டு வைக்கலை சார்" என்றாள் ஸ்ரீலேகா.

"ஏன் வைக்கலை?"

ஏதோ அதுதான் குற்றம் என்பது போலக் கேட்டார்.

"எப்படியும் வெட்டப் போறதாச்சேன்னு விட்டுட்டேன். வெட்டப் போறதுக்குப் பொட்டு வெக்கப் போனப்ப பலி ஆட்டு ஞாபகம் வந்தது." அன்று அப்படி நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. "தட்டுல பொட்டு இல்லாத ஒரே உருப்படி அதுதான் சார். அதுகிட்ட போய் சாட்சி கேட்டா அது என்ன சொல்லும்?"

சௌந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது வாக்குவம் உலை. ஆவியான ஈயத்தை பம்ப் இழுத்துண்டு போயிருக்கும்."

"கொஞ்சம் போயிருக்கும். ஆனா பொட்டு உக்காந்த எடத்துல அது மொதல்ல உருகும். உருகி நிக்கிற நேரத்துல எவ்வளவு உள்ள போச்சுன்னு எனக்குத் தெரியலை. ஒரு பிளேடை வெட்டிப் பாத்துடலாம் சார். அது ஒண்ணுதான் வழி."

"ஒண்ணை வெட்டினா செட்டு போச்சு. உபரி கிடையாது. மறுபடி அடிச்சு, கடைஞ்சு, வரதுக்குள்ள தை பொறந்துடும். அதுவரைக்கும் அவா காத்திண்டிருப்பாளா? இந்த ஆர்டரை நம்பித்தானேம்மா அந்தப் புது உலையையே போட்டேன்."

"திங்கக்கிழமை ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "அப்படியே ஆனாலும், சுத்தம் பண்ணித்தான் ஏத்தினேன்னு கையெழுத்துப் போட்டது யூசுப். ஹவ், அவன் தொடைச்சிருக்கணும். அது அவனோட வேலை. உன் பேரு எங்கயும் வராது. நீ அதைப் பத்திக் கவலைப்படாதே" என்றார்.

அவர் அதை மழைக்கு ஒதுங்க இடம் காட்டுகிற பாவத்தில் சொன்னார். அவளைக் காப்பாற்றுவதாகத்தான் அவருக்கு நினைப்பு. ஸ்ரீலேகாவுக்குக் காது சுட்டது.

மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள். பிளேடுப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். கையெழுத்துக்காகச் சான்றிதழ் மேஜையில் காத்திருந்தது. அதில் எழுதியிருந்தது ஒவ்வொன்றும் உண்மை. உலையின் சூடு உண்மை, நேரம் உண்மை, சாட்சித் துண்டு தாங்கிய இழுப்பும் உண்மை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். மறுபடி மூடினாள். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்றும் ஒரு தரம் தோன்றியது. தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். நூற்றுக்குத் தொண்ணூறு, ஒன்றுமே ஆகாமல் போகலாம். பொட்டு மெல்லிசாகத்தான் வைத்தாள். பம்ப் நல்ல பம்ப். ஆனால் தனக்கே சமாதானம் சொல்லத் தொடங்கிவிட்டால் அதற்கு முடிவே கிடையாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்போது போன் அடித்தது. ஜெயந்த். இன்ஜின் கட்டுகிற கம்பெனியின் பையன், கோயம்புத்தூர்க்காரன், வேலைக்கு வந்து முழுசாக ஒரு வருடம் ஆகவில்லை. பிளேடுகளைத் தன் கையாலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று அடம்பிடித்துக் கூடவே வண்டியில் வருகிறான்.

"மேடம், பாலாநகர் தாண்டிட்டேனுங்க. ஒவ்வொரு பிளேடுக்கும் ஃபோம்ல தனித்தனியாக் குழி வெட்டி எடுத்துட்டு வந்திருக்கேன். ஒண்ணோடொண்ணு உரசாதுங்க."

"சரிப்பா."

"திங்கக்கிழமை ஓட்டறப்ப என்னையும் உள்ள நிக்கச் சொல்லிட்டாங்க மேடம். எண்ணெய்க் குழாய்கிட்ட. அதிர்வு எப்படி இருக்குதுன்னு பக்கத்துல இருந்து பாக்கணுமாம். நானே கேட்டு வாங்கினேனுங்க." சந்தோஷத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "வீட்ல அம்மாகிட்டகூடச் சொல்லிட்டேன்."

அவள் போனை வைத்தாள். ஒரு நொடிகூட உட்கார முடியவில்லை. பெட்டியைத் திறந்து, வரிசையில் முதலாவது பிளேடை எடுத்தாள். அதற்குத்தான் பொட்டு பெரிசாக விழுந்திருந்தது. பொடி புதுசு, கை பழகவில்லை. அதை எடுத்துக்கொண்டு நேரே வெட்டும் மெஷினுக்குப் போனாள். ஷெட்டில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து வழிவிட்டார்கள்.

அடிக்கட்டையை இடுக்கியில் மாட்டினாள். பொட்டு இருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள். வழவழவென்று இருந்தது. ஸ்விட்சைப் போட்டாள். தண்ணீர் பீய்ச்ச, சக்கரம் சுற்ற, நிக்கல் அறுபடும்போது போடுகிற கிறீச்சிடல் ஷெட் முழுக்கக் கேட்டது. சௌந்தரராஜனின் அறைக் கதவு திறந்தது. அவர் வருவதற்குள் தீக்குச்சி அகலத்துக்கு ஒரு சில்லு தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது.

"என்ன பண்றேம்மா?"

"வெட்டிட்டேன் சார்."

அவர் அந்தப் பிளேடைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கத்தவில்லை. பக்கத்தில் கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தார்.

சாட்சித் துண்டில் மிச்சமிருந்ததையும் அதே அளவில் வெட்டி எடுத்தாள். இரண்டையும் பட்டறை இடுக்கியில் அடுத்தடுத்து நிற்க வைத்து இறுக்கினாள். கேஸ் டார்ச்சைக் கொளுத்தினாள். மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டுமானால் சில்லைப் பதிக்க வேண்டும், மெருகேற்ற வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும். இது நாட்டு வைத்தியம். வேலை நேரத்தில் பிளேடு எவ்வளவு சூட்டில் நிற்குமோ அந்தச் சூட்டில் வைத்து ஒரு தட்டு. நல்ல நிக்கல் வளையும். வரப்பில் ஈயம் இருந்தால் வளையாது.

ஜெயந்த் அதற்குள் வந்துவிட்டான். கையில் ஃபோம் பெட்டி. சிரித்துக்கொண்டே உள்ளே வந்தவன், எல்லோரும் நின்ற நிலையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"என்னங்க மேடம் இது?"

"பெட்டியைக் கீழ வெச்சுட்டு அந்தச் சுத்தியலை எடு. கண்ணாடி போட்டுக்கோ. நான் சொல்லும்போது மொதல்ல இதைத் தட்டு."

சாட்சித் துண்டு செக்கச் செவேலென்று ஆனதும் தலையசைத்தாள். ஜெயந்த் தட்டினான். அது லேசாகச் சாய்ந்தது. மறுபடி தட்டினான். இன்னும் சாய்ந்தது. நாலைந்து அடியில் குடைக் கைப்பிடி மாதிரி வளைந்து நின்றது, ஒரு கீறல் இல்லாமல்.

"இப்ப அது."

பிளேடுச் சில்லு சிவப்பதற்கு ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையில் முதலாவதைவிட ஒரு நொடிகூடக் கூட இல்லை. வளைந்துவிடு, வளைந்துவிடு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வாதாடி, வெட்டியும் போட்ட பிறகு, தான் சொன்னது தப்பாகப் போக வேண்டும் என்றுதான் வேண்டினாள்.

ஜெயந்த் தட்டினான். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பாதிச் சில்லு தரையில் போய் விழுந்தது. இரண்டாவது அடிக்காக ஓங்கிய கை அப்படியே மேலே நின்றது.

யூசுப் டார்ச்சின் வாயைத் திருகி மூடினார். அதை அணைக்க வேண்டும் என்பதையே ஸ்ரீலேகா மறந்திருந்தாள். விழுந்த துண்டை இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் முக்கி, பூதக்கண்ணாடியில் பார்த்தாள். கல்கண்டை உடைத்த மாதிரி இருந்தது முறிந்த முகம். ஒவ்வொரு படிகமும் முழுசாக, முகம் முகமாக, பக்கத்துப் படிகத்தை விட்டுப் பிரிந்து நின்றது.

கண்ணாடியை ஜெயந்திடம் கொடுத்தாள். அவன் வெகு நேரம் பார்த்தான்.

"மேடம், திங்கக்கிழமை நான் அதுகிட்டத்தானுங்களே நின்னிருப்பேன்" என்றான்.

சௌந்தரராஜன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். ஒரு மணி நேரத்தில் அவருக்கு வயது கூடிவிட்டது. ஆனாலும் கம்பெனியை நடத்துகிறவர், வந்தவனுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

"தம்பி, எங்க பக்கம்தான் தப்பு. உலையில ஏத்தறதுக்கு முன்னால சுத்தம் பண்றதுல ஆபரேட்டர் கொஞ்சம்..."

"சார்" என்றாள் ஸ்ரீலேகா.

அவர் நிறுத்தினார்.

"பொட்டு வெச்சது நான். ஈயப் பொடியை வாங்கினது நான். என்னன்னு பாக்காம வெறும் விரலால வெச்சது நான்." யூசுப் பக்கம் கையைக் காட்டினாள். "நான் வெச்ச பொட்டை அவர் எப்படி சார் தொடைப்பார்? நீங்க தொடைக்க விட்டிருப்பீங்களா? நான் விட்டிருப்பேனா?"

ஷெட்டில் தமிழ் தெரியாதவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. யூசுப் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சௌந்தரராஜன் தலையை ஆட்டினார். "ஹவ்" என்றார் மெதுவாக. சம்மதமா சலிப்பா என்று தெரியவில்லை. "நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

ஜெயந்த் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டான். உடைந்த துண்டுகள் இரண்டையும் ஒரு குழியில் வைத்து மூடினான். "எங்க சார்கிட்ட இதைக் காட்டறேனுங்க. புது செட்டு வரைக்கும் காத்திருப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாதுங்க மேடம்" என்றான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, எதற்கு என்று சொல்லத் தெரியாமல் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான். அதை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கூசியது.

நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ. இன்றைக்கு வேலை இருந்தது. உலையைச் சுத்தம் செய்யாமல் இனி ஒரு ஆணியைக்கூட அதில் வைக்க முடியாது. ஆவியான ஈயம் உள்சுவரில் குளிர்ந்த மூலைகளில் ஒட்டியிருக்கும். ஸ்ரீலேகா கையுறையை மாட்டிக்கொண்டு உலைக்கு முன்னால் வந்து நின்றாள். வாடிப்போன சாமந்தி மாலை கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே, அவள் கை எட்டிய உயரத்தில், வரிசையாக மூன்று ஆரஞ்சுப் பொட்டுகள். கடைக்காரன் சொன்னது பொய்யில்லை. நன்றாகத்தான் நின்றிருந்தன.

ஒரு துணியை அசிட்டோனில் நனைத்தாள். தானே துடைக்கக் கையைத் தூக்கினாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு திரும்பினாள்.

"யூசுப் பாய்."

அவர் வந்தார். அவள் துணியை நீட்டினாள். அவர் துணியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவன் கையில் போன்கூட இருந்தது.

"நக்கோ மேடம்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"கையுறை போட்டுக்கிட்டுத் தொடைங்க பாய்." அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். இந்தியிலும் ஒருமுறை சொன்னாள். "இனிமே இந்தத் தட்டுல எது இருந்தாலும், யார் வெச்சதா இருந்தாலும், தொடைச்சுட்டுத்தான் ஏத்தணும். நான் வெச்சதா இருந்தா மொதல்ல அதைத் தொடைங்க."

போன் வைத்திருந்தவன் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

யூசுப் கையுறையை மாட்டினார். துணியை வாங்கினார். முதல் பொட்டின் ஓரத்தைத் தொட்டார். கை கொஞ்சம் தயங்கிற்று. பிறகு பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டது. வெளியிலிருந்து உள்ளே, வட்டம் வட்டமாக, ஒரு கைரேகையைத் துடைப்பது போலத் துடைத்தார். முதலாவது போயிற்று. இரண்டாவது போயிற்று. துணியில் ஆரஞ்சு பரவியது. மூன்றாவதில் பாதிதான் வந்தது. இடுக்கில் இறங்கியிருந்தது. அவர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். வேலை நேரத்து முகம். அதில் பயம் இல்லை.

கண்ணை எடுக்காமலேயே அவளுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"இது பத்தாது மேடம். வேற துணி குடுங்க."